சின்ன மேடைக் கச்சேரியா? முன்னால் போய் உட்காருங்கள்

தாங்களே எழுதி, மெட்டமைத்துப் பாடும் கன்ட்ரி, ஃபோக், சோல் என்னும் மேற்கத்திய இசை வகைப் பாடகர்களை நேரில் கேட்கப் போகிறீர்களா? கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். இந்தப் பாட்டுகளின் உயிரே வரிகளில்தான் இருக்கிறது. பின்னால் உட்கார்ந்தால் பேச்சுச் சத்தத்தில் பாதி வரி காதில் விழாது. முன்னால் இருந்தால் கிதார் கம்பியில் விரல் வழுக்கும் கீச்சொலியும், அடுத்த வரிக்கு முன் பாடகர் இழுக்கும் மூச்சும்கூடக் கேட்கும்.

அமெரிக்காவின் நாஷ்வில்லில் 1982-ல் தொடங்கிய புளூபேர்ட் கஃபேயில் ஏறக்குறைய 90 இருக்கைகள்தான். பாடலாசிரியர்கள் சிலர் கூடத்தின் நடுவே வட்டமாக உட்கார்ந்து மாறி மாறிப் பாடுவார்கள். பாட்டு பிறந்த கதையையும் சொல்வார்கள். பாடும்போது பேசக் கூடாது என்பதில் அங்கே கண்டிப்பு. எந்தச் சின்ன அரங்கிலும் நாமாகவே அப்படி இருக்கலாமே.

முதலில் மேடையேறும் புதுப் பாடகரைத் தவறவிடாதீர்கள். பிடித்திருந்தால், முடிந்ததும் அவர் மேசையில் வைத்து விற்கும் சிடியை அங்கேயே வாங்குங்கள். ஸ்ட்ரீமிங்கில் ஒருமுறை கேட்டால் அவருக்குக் கிடைப்பது ஒரு சென்ட்டுக்கும் குறைவு. கையில் கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும். எல்லாரும் கார்டு வாங்க மாட்டார்கள்.