வெளுத்துப்போன கறுப்பு பிளாஸ்டிக்கை மறுபடியும் கறுப்பாக்குவது எப்படி?

கார் பழசாகும்போது பெயின்ட் ஓரளவு தாக்குப்பிடித்துவிடும். பம்பரின் கீழ்ப்பகுதி, சக்கர வளைவு, மிரரின் அடிப்பாகம், வைப்பருக்குக் கீழே இருக்கும் தட்டு இதெல்லாம்தான் முதலில் சாம்பல் பூத்துப்போகும். என் காரில் இந்த வேலையை நானே செய்தேன். மழையும் வெயிலும் போதுமான அளவு பட்டு, கறுப்பு நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் எழுதுகிறேன். உங்களுக்குக் கார் கழுவத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். வாளி, ஷாம்பு கதையெல்லாம் இங்கே இல்லை.

கறுப்பைத் திரும்பக் கொண்டுவரும் மருந்தில் எந்த பாட்டிலை வாங்குவது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இதில் முக்கால்வாசி வேலை அழுக்கெடுப்பதுதான். அது சரியாக நடந்தால் சுமாரான மருந்தும் நிற்கும். அது சொதப்பினால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதும் உரிந்துவிடும்.

ஏன் வெளுக்கிறது?

இந்தப் பாகங்கள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் வகை. மேலே பெயின்ட் கிடையாது. கார்பன் பிளாக் என்ற கரித்தூளைப் பிளாஸ்டிக்கிலேயே கலந்து வார்த்திருப்பார்கள், அதனால் உள்ளே வரைக்கும் கறுப்புதான். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் மேல்தோலின் பாலிமர் சங்கிலிகளை அறுத்துவிடுகிறது. அங்கே கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் விழுந்து, படும் ஒளியெல்லாம் சிதறுகிறது. நாம் பார்க்கும் சாம்பல் நிறம் அதுதான்.

இதனால் நமக்கு இலவசமாக ஒரு சோதனை கிடைக்கிறது. வெளுத்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தண்ணீர் விரிசல்களை நிரப்பியதும் அந்த இடம் கறுப்பாகத் தெரியும். வேலை முடிந்த பிறகு வரப்போகும் நிறம் ஏறக்குறைய அதுவேதான். ஈரத்திலும் வெள்ளைத் திட்டு தெரிந்தால், பழைய வாக்ஸ் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது மேல்தோல் மிகவும் சிதைந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு எச்சரிக்கை: இது சொரசொரப்பான, பெயின்ட் இல்லாத பிளாஸ்டிக்குக்கு மட்டும். கதவுத் தூண்களில் வரும் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் கறுப்பு, ஜன்னல் ஓர ரப்பர், பெயின்ட் அடித்த பம்பர் இவற்றுக்கெல்லாம் வைத்தியம் வேறு.

எடுத்து வைக்க வேண்டியவை

ஆல் பர்ப்பஸ் கிளீனர் (எல்லா வகை அழுக்குக்குமான பொதுக் கிளீனர்), ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், நைலான் பிரஷ் ஒன்று, பழைய டூத்பிரஷ் ஒன்று, மைக்ரோஃபைபர் துணி நாலைந்து, மாஸ்கிங் டேப், நைட்ரைல் கையுறை. கையுறையை மறந்துவிடாதீர்கள், சாயம் கலந்த மருந்து நகக்கண்ணில் ஏறினால் லேசில் போகாது. டேப்பில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பெயின்ட் கடையில் கிடைக்கும் நல்ல ரகமாக வாங்குங்கள், மட்டமான டேப் பசையை பெயின்டிலேயே விட்டுவிட்டுப் போகும். கம்பி பிரஷ் பக்கமே போக வேண்டாம். அழுக்கு அழிக்கும் வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்சும் எனக்குப் பிடிக்காது. அது உண்மையில் மென்மையான உப்புத்தாள், பிளாஸ்டிக்கின் சொரசொரப்பை மழித்து அங்கங்கே வழவழப்பாக்கிவிடும்.

படி 1: கழுவி, காயவிட்டு, டேப் ஒட்டுங்கள்

நிழலில் செய்யுங்கள், பிளாஸ்டிக் தொட்டால் சுடக் கூடாது. பெயின்டும் பிளாஸ்டிக்கும் சேரும் விளிம்பு நெடுக டேப் ஒட்டி, நகத்தால் அழுத்திவிடுங்கள்.

படி 2: எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள்

நான் வெகுநேரம் சிக்கி நின்ற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழைய கார் என்றால், பளபளப்புக்காக யாராவது எப்போதாவது சிலிக்கான் திரவம் தடவியிருப்பார்கள். பெயின்டுக்குப் போட்ட வாக்ஸும் ஓரத்தில் ஏறியிருக்கும். இரண்டும் சொரசொரப்பின் பள்ளங்களுக்குள் உட்கார்ந்துகொள்ளும். ஷாம்புக்கு அசையாது. மேலே எதைப் பூசினாலும் அது பிளாஸ்டிக்கில் பிடிக்காமல் இந்தப் பிசுக்கின்மேல் மிதக்கும்.

கிளீனரை பாட்டிலில் சொல்லியிருக்கும் அளவுக்குக் கலக்கி, ஒரு நேரத்தில் இரண்டு கை அகலப் பகுதிக்கு மட்டும் தெளியுங்கள். அரை நிமிடம் ஊறட்டும். காய விடாதீர்கள். பிரஷை வட்டமாகவும் குறுக்கும் நெடுக்குமாகவும் ஓட்டுங்கள், ஒரே திசையில் தேய்த்தால் பள்ளத்தின் ஒரு பக்கம்தான் சுத்தமாகும். பழுப்பு நுரை வரும். அலசிவிட்டு மறுபடி செய்யுங்கள். நுரை வெள்ளையாக வரும்வரை இதேதான். மூன்று நான்கு சுற்று ஆனாலும் பயப்பட வேண்டாம்.

சுத்தமாகிவிட்டதா என்று தண்ணீரே காட்டிக்கொடுக்கும். அலசியதும் நீர் முத்து முத்தாகத் திரண்டு நின்றால் பிசுக்கு இன்னும் போகவில்லை. ஒரே படலமாகப் பரவினால் போய்விட்டது. கார் என்றாலே நீர் முத்தாக உருள்வதுதான் அழகு என்று பழகிய கண்ணுக்கு இது தலைகீழாகத் தெரியும். இந்தப் படியில் மட்டும் முத்து நமக்கு எதிரி.

பிறகு ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் நனைத்து ஒருமுறை துடையுங்கள். துணியில் சாம்பல் கறை வருகிறதா? இன்னொரு முறை. பெயின்ட் கரைக்கும் தின்னரும் பெட்ரோலும் வேண்டவே வேண்டாம். பக்கத்திலிருக்கும் பெயின்டுக்கும் ஆபத்து, நெருப்புக்கும் ஆபத்து.

இப்போது பிளாஸ்டிக் முன்னைவிட வெளுப்பாகத் தெரியும். கவலைப்படாதீர்கள், அது சுத்தத்தின் அடையாளம்.

படி 3: காயவிடுங்கள்

மேலே தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். இடுக்குகளிலும் திருகுக் குழிகளிலும் தண்ணீர் ஒளிந்திருக்கும். பாதி பூசிக்கொண்டிருக்கும்போது அது கசிந்து கோடாக வழியும். காற்றடிக்கும் ப்ளோயர் இருந்தால் இடுக்கெல்லாம் ஊதிவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள்.

படி 4: எதைப் பூசுவது?

கடையில் இருப்பது பெரும்பாலும் மூன்று வகை.

சிலிக்கான் அல்லது எண்ணெய் வகை டிரெஸ்ஸிங் (பளபளப்புக்கான மேல்பூச்சு): தடவியதும் பளிச்சென்று இருக்கும், சில வாரங்களில் மழையோடு போய்விடும், தூசியை வேறு இழுக்கும். நாளைக்கே காரை விற்கப்போகிறவருக்கு இது சரி.

சாயம் கலந்தவை: சொல்யூஷன் ஃபினிஷ் என்ற பிராண்ட் இந்த ரகம். தண்ணீர்ச் சோதனையிலும் கறுப்பு திரும்பாத அளவுக்கு வெளுத்த பிளாஸ்டிக்குக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

செராமிக் வகை: செராகோட் டிரிம் கோட், ஜிடெக்னிக் சி4 போன்றவை. விரிசல்களை நிரப்பி, கெட்டியான படலமாக இறுகும். மூன்றில் அதிக நாள் நிற்பது இதுதான். ஆனால் தவறுக்கு மன்னிப்பே கிடையாது, திட்டாகக் காய்ந்தால் திட்டாகவே நிற்கும்.

ஒன்றின்மேல் இன்னொன்று பூசி இரண்டின் பலனையும் வாங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். எண்ணெய்ப்பசை உள்ளதன்மேல் செராமிக் பிடிக்காது.

படி 5: பூசுங்கள்

முதலில் கண்ணில் படாத மூலையில் சிறு துளி. நிறம் பிடித்திருந்தால் தொடருங்கள். பாட்டிலை நன்றாகக் குலுக்கி, அப்ளிகேட்டரில், அதாவது பூசும் சிறு ஸ்பாஞ்சில், சில சொட்டு மட்டும் விட்டு, ஒரு பாகத்தை முழுதாக முடித்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். பம்பரின் நடுவில் நிறுத்திவிட்டு போனை எடுத்தீர்கள் என்றால் அந்த இடத்தில் ஒரு கோடு நிச்சயம். பாட்டில் குறிப்பில் சொன்ன நேரத்துக்குள் மிச்சத்தைத் துடைத்து எடுத்துவிடுங்கள். தடிமனாகப் பூசினால் கறுப்பு கூடாது, பிசுபிசுப்புதான் கூடும். எல்லாம் துடைத்த கையோடு டேப்பை உரித்துவிடுங்கள். செராமிக் என்றால் ஒரு நாளாவது தண்ணீர் படக்கூடாது, வானத்தைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

ஹீட் கன் பற்றி

சூடான காற்றை ஊதும் இந்தக் கருவியால் சூடு காட்டினால் பிளாஸ்டிக் நொடியில் கறுப்பாகும் காணொளிகள் ஏராளம். பொய்யில்லை. மேல்தோல் இளகி விரிசல்கள் மூடிக்கொள்கின்றன. ஆனால் பாலிபுரொப்பிலீன் சுமார் 160 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், ஹீட் கன்னின் வாயில் 500 டிகிரிகூட வரும். ஒரு கணம் அதிகமாக நின்றால் சொரசொரப்பு போய் மினுமினுப்பு வரும், இல்லை பாகமே வளையும். கறுப்பும் நிரந்தரமில்லை, அதே வெயில் மறுபடி வெளுக்க வைக்கும். நான் செய்யமாட்டேன்.

பிளாஸ்டிக் கறுப்பாகக் கொதித்த ஆளிவிதை எண்ணெய் தடவுபவர்களுக்கு ஒன்று: அந்தத் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து வையுங்கள், அல்லது வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுச் செய்து பார்த்தவர்கள் கேட்டதிலிருந்து இரண்டு.

வாக்ஸின் வெள்ளைக் கறை பிரஷுக்கும் போகவில்லை என்றால், பென்சில் அழிக்கும் சாதா ரப்பரால் தேய்த்துப் பாருங்கள். வியக்கும் அளவுக்கு வேலை செய்கிறது. பிறகு ஆல்கஹால் துடைப்பு கட்டாயம்.

செராமிக் சொட்டு பெயின்டில் விழுந்து காய்ந்துவிட்டால் என்ன செய்வது? விழுந்த சில நிமிடங்களுக்குள் என்றால் ஆல்கஹால் போதும். மறுநாள்தான் பார்த்தீர்கள் என்றால் சுரண்டாதீர்கள். மென்மையான பாலிஷை விரலில் சுற்றிய மைக்ரோஃபைபர் துணியில் எடுத்து, அந்தப் புள்ளியில் மட்டும் மெதுவாகத் தேய்த்தால் வந்துவிடும். தேய்ப்பதற்கு முன் ஓரப் பிளாஸ்டிக்குக்கு மறுபடி டேப் ஒட்டுங்கள், பாலிஷ் ஏறினால் அங்கே வெள்ளைக் கறை விழும்.