கேமரா வாங்கிய புதிதில் செய்கிற தவறுகள்

புதுக் கேமரா கைக்கு வந்த ஒரு மாதத்திலேயே அடுத்த லென்ஸுக்கு விலை விசாரிக்கத் தொடங்கிவிடுகிறோம். நானும் அப்படித்தான். கேமராவோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸில் படம் தெளிவாக விழவில்லை என்று குறைபட்டுக்கொண்டிருந்தேன். மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழாவில், அந்தி சாய்ந்தபின் எடுத்த படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. பின்னால் இருந்த கடைப் பலகையின் எழுத்துகள் பளிச்சென்று இருந்தன. சப்பரம் தூக்கியவர்களின் முகங்கள் மட்டும் கலைந்திருந்தன. லென்ஸ் மேல் பழியில்லை. ஷட்டர் வேகம், அதாவது ஒளி உள்ளே விழும் நேரம், 1/15 நொடி. நகர்கிறவர்களுக்கு அது மிக மெதுவு.

படம் முழுவதும் கலங்கியிருந்தால் நம் கை ஆடியிருக்கிறது. ஆள் மட்டும் கலங்கியிருந்தால் அவர் நகர்ந்திருக்கிறார். லென்ஸில் உள்ள அதிர்வுத் தடுப்பு முதல் குறைக்குத்தான் மருந்து. நடப்பவர்களுக்கு 1/250 வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்வு அளவை, 3200க்கு ஏற்றத் தயங்க வேண்டாம். புள்ளி புள்ளியாகத் தெரியும் என்று பயந்து அதை 100லேயே பூட்டி வைப்பவர்கள் உண்டு. புள்ளிகளைப் பிறகு மென்பொருளில் குறைத்துக்கொள்ளலாம், கலைந்த முகத்தை மீட்பது கடினம்.

அடுத்தது வெள்ளை வேட்டி. கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்ளும். அதனால் வேட்டி அழுக்காகவும், கருங்கல் சிலை வெளிறியும் வரும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் ஈடுசெய்தலை, வெள்ளை நிறைந்த காட்சிக்கு +1க்கும், கறுப்பு நிறைந்ததற்கு -1க்கும் நகர்த்திப் பாருங்கள். வெள்ளைக்கு இன்னும் வெளிச்சமா என்று முதலில் தலைகீழாகத்தான் தோன்றும்.

உச்சி வெயிலில் முகம் எடுக்காதீர்கள். கண் இருக்கும் இடத்தில் இரண்டு குழிதான் விழும். கேமராவின் பின்னால் உள்ள சிறிய திரையைப் பார்த்து அவசரப்பட்டுப் படங்களை அழிக்கவும் வேண்டாம்.

சென்னை போன்ற கடலோர ஊர்க்காரர்கள் வாங்கிய அன்றே கவனிக்க வேண்டியது பூஞ்சை. கேமராவைப் பையோடு பீரோவில் பூட்டினால், ஒரு மழைக்காலம் போதும், லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல மெல்லிய இழைகள் படர்ந்துவிடும். காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல், ஒரு சிறிய ஈரப்பதமானி, இவை போதும். முள் 40க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவே நிற்கட்டும். ஜெல் நிறம் மாறியதும் மாற்றிவிடுங்கள்.