ஒரே பூட்டு, நான்கு விதிமுறைகள்: மேசை ரோல் பிளேயிங் ஆட்டங்களை ஒப்பிடும் முறை

நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கேம் மாஸ்டராக இருந்து கதையின் உலகத்தை விவரிக்க, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று அவர் என்ன செய்கிறார் என்று சொல்லிச் சொல்லியே நடத்தும் ஆட்டம்தான் டேபிள்டாப் ரோல் பிளேயிங் கேம். முடிவு எப்படியும் போகலாம் என்ற இடம் வரும்போது பகடை உருட்டப்படுகிறது. எந்தப் பகடையை எப்போது உருட்டுவது, விழுந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதைச் சொல்லும் தொகுப்பையே விதிமுறை என்கிறோம். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இவ்வகையில் முதலில் அச்சில் வந்த ஆட்டம். அதன் பிறகு எண்ணற்ற விதிமுறைகள் வந்துவிட்டதால், புதிதாகத் தொடங்குபவர் எதை எடுப்பது என்று திகைப்பது இயல்பே.

முந்நூறு பக்கப் புத்தகங்களை அட்டை முதல் அட்டை வரை படித்து ஒப்பிடுவது பெரும்பாலும் பயன் தருவதில்லை. ஒரு சிறிய காட்சியை எடுத்துக்கொண்டு, அதையே ஒவ்வொரு விதிமுறையிலும் ஆடிப் பார்த்தால் ஒரே மாலையில் வேறுபாடு கைக்குத் தட்டுப்பட்டுவிடும். அந்த முறையைத்தான் இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

படி 1: ஒரு காட்சியை முடிவு செய்யுங்கள்

நான் எப்போதும் எடுத்துக்கொள்வது இந்தக் காட்சியைத்தான். நள்ளிரவு, துறைமுகக் கிடங்கு ஒன்றின் பின்கதவு, அதில் ஒரு பழைய இரும்புப் பூட்டு. திருடி ஒருத்தி வளைந்த கம்பியைப் பூட்டுக்குள் விட்டு நெம்பிக்கொண்டிருக்கிறாள். காவலாளியின் லாந்தர் வெளிச்சம் கிடங்கின் மறுபக்கத்தில் தெரிகிறது. ஒரு சுற்று முடித்து அவன் இந்தப் பக்கம் வர இன்னும் சில நிமிடங்கள்தான் ஆகும். உங்கள் காட்சி வேறாக இருக்கலாம். ஆனால் வெற்றி என்றால் என்ன என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும். தோற்றால் ஏதாவது பறிபோக வேண்டும். சண்டைக் காட்சியைத் தவிர்த்துவிடுங்கள், ஏனெனில் பல புத்தகங்களில் சண்டைக்கென்று தனி அத்தியாயமே இருக்கிறது, அதைக் கற்பதிலேயே மாலை கழிந்துவிடும்.

படி 2: இலவசமாகக் கிடைக்கும் விதிகளைத் திரட்டுங்கள்

இதற்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டன. சாண்டி பீட்டர்சன் எழுதி, கேயாஸியம் நிறுவனம் 1981இல் வெளியிட்ட திகில் ஆட்டமான கால் ஆஃப் கதுலுவுக்கு இலவசத் தொடக்கநிலைத் தொகுப்பு உண்டு. 1986இல் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் வெளியிட்ட, எந்த வகைக் கதைக்கும் பொருந்தும் கர்ப்ஸுக்கு 32 பக்கச் சுருக்கப் பதிப்பு கிடைக்கிறது. ஜான் ஹார்பரின் பிளேட்ஸ் இன் த டார்க் 2017இல் வந்தது. திருடர் கூட்டத்தைப் பற்றிய அந்த ஆட்டத்தின் அடிப்படை விதிகளும் இணையத்தில் திறந்து கிடக்கின்றன. முதல் முறை ஒப்பிடுகிறவர் இந்த நான்கில் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும்.

படி 3: அதே திருடியை எல்லாவற்றிலும் உருவாக்குங்கள்

பாத்திரத்தின் திறன்களை எழுதும் தாளான கேரக்டர் ஷீட்டை நிரப்பத் தொடங்கும்போது மணியைப் பார்த்து எழுதி வையுங்கள், முடிக்கும்போதும் எழுதி வையுங்கள். கர்ப்ஸில் ஒவ்வொரு திறனையும் புள்ளி கொடுத்து வாங்க வேண்டியிருப்பதால் நேரம் பிடிக்கும். அதற்கு ஈடாக, நீங்கள் மனத்தில் கண்ட திருடி அப்படியே தாளில் வந்து நிற்பாள். பிளேட்ஸில் ஒரு பாத்திர வகையைத் தேர்ந்தெடுத்துச் சில புள்ளிகளைக் குறித்தால் வேலை முடிந்தது.

படி 4: வாய்ப்பைக் கணக்கிடுங்கள்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் 20 முகப் பகடையை உருட்டி, திருடியின் திறமைக்கான எண்ணைக் கூட்டி, கேம் மாஸ்டர் வைத்த இலக்கை எட்ட வேண்டும். இலக்கு 15, திறமை 5 என்றால் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். அதற்கான வாய்ப்பு 55 சதவீதம். கால் ஆஃப் கதுலுவில் கணக்குப் போடவே வேண்டாம். ஷீட்டில் பூட்டுத் திறக்கும் திறன் 55 என்று எழுதியிருந்தால், 1 முதல் 100 வரை எண் தரும் பகடைகளை உருட்டும்போது 55 அல்லது அதற்குக் கீழே விழ வேண்டும், அவ்வளவுதான். கணக்கு என்றாலே ஒதுங்குகிற நண்பர்களோடு ஆடுபவர்களுக்கு இந்த எளிமை பெரிய வரம்.

கர்ப்ஸ் மூன்று சாதாரணப் பகடைகளை உருட்டிக் கூட்டுகிறது. கூட்டுத்தொகை திறன் எண்ணைத் தாண்டக் கூடாது. இங்கே சற்று நிதானிக்க வேண்டும். ஒற்றைப் பகடையில் எல்லா எண்களுக்கும் சம வாய்ப்பு இருக்கிறது, ஆனால் பல பகடைகளைக் கூட்டும்போது நடு எண்கள் அடிக்கடி விழும், ஓரத்து எண்கள் அபூர்வமாகவே விழும். தாயக்கட்டை உருட்டியவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். அதில் மூன்று விழுகிற அளவுக்குப் பன்னிரண்டு விழுவதில்லை. அதனால் கர்ப்ஸில் திறன் 10லிருந்து 11க்கு உயர்ந்தால் வாய்ப்பு 50 சதவீதத்திலிருந்து 62.5 சதவீதமாகத் தாவுகிறது. 14லிருந்து 15க்கு உயரும்போதோ 90.7லிருந்து 95.4 வரைதான் போகிறது. தேர்ந்த ஆள் அங்கே தேர்ந்த ஆளாகவே நடந்துகொள்வார். 20 முகப் பகடையில் அந்த உறுதி கிடையாது. புதியவரும் சாதித்துவிடலாம், வல்லவரும் சறுக்கலாம்.

பிளேட்ஸில் திறமைக்கு ஏற்றபடி ஆறு முகப் பகடைகளை உருட்டி, பெரிய எண்ணை மட்டும் பார்க்கிறோம். இரண்டு பகடைகள் என்றால் 6 கிடைக்க 30.6 சதவீதம், 4 அல்லது 5 கிடைக்க 44.4 சதவீதம், அதற்கும் கீழே 25 சதவீதம். 6 என்றால் முழு வெற்றி. 4, 5 என்றால் பூட்டு திறந்துவிடும், ஆனால் கூடவே ஒரு தொல்லையும் வந்து சேரும். இப்படி வெற்றிக்கும் தோல்விக்கும் நடுவே மூன்றாவது விடை ஒன்றை வைக்கும் வழக்கம், 2010இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்டு என்ற ஆட்டத்துக்குப் பிறகு பரவலானது.

படி 5: திருடியைத் தோற்க வையுங்கள்

ஒப்பீட்டின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. நான் முதன்முதலில் கேம் மாஸ்டராக அமர்ந்த இரவில், பகடை சரியாக விழாததால் கதவு திறக்கவில்லை, அடுத்து என்ன என்று எனக்கும் தெரியவில்லை. எல்லோரும் பகடையையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எந்த விதிமுறையை எடுத்தாலும் தோல்விப் பக்கத்தை முதலில் புரட்டும் பழக்கம் எனக்கு வந்தது அன்றுதான்.

மேலே சொன்ன 55 சதவீதத்தையே எடுத்துக்கொள்வோம். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் தோழி ஒருத்தி விளக்கைப் பிடித்து உதவினால், அட்வான்டேஜ் என்ற விதிப்படி இரண்டு பகடைகளை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம், வாய்ப்பு 79.75 சதவீதமாகிறது. கால் ஆஃப் கதுலுவில் முதல் உருட்டல் தோற்ற பிறகு, "கம்பியை விட்டுவிட்டுக் கடப்பாறையால் நெம்புகிறேன்" என்பதுபோல் வேறு முயற்சி ஒன்றைச் சொல்லி இரண்டாம் முறை உருட்டலாம். இதற்கு புஷ் என்று பெயர். கணக்குப் போட்டால் இங்கும் அதே 79.75 சதவீதம்தான் வருகிறது!

எண் ஒன்றாக இருந்தாலும் மேசையில் நடப்பது வேறு. அட்வான்டேஜில் மிச்சமுள்ள 20.25 சதவீதம் சாதாரணத் தோல்வி. வேலை நடக்கவில்லை என்றோ, ஒரு பின்னடைவோடு நடந்தது என்றோ கேம் மாஸ்டர் சொல்லலாம், அந்தப் பொறுப்பை விதி அவரிடமே விட்டுவிடுகிறது. புஷ்ஷில் அதே 20.25 சதவீதம் பேராபத்து. இரண்டாம் முறையும் தோற்றால் நிலைமை மோசமாகும் என்பதைத் தெரிந்தே ஆட்டக்காரர் பகடையைக் கையில் எடுக்கிறார். காவலாளி வருவதற்குள் ஓடிவிடுவதா, கடப்பாறையை எடுப்பதா என்று அவர் தயங்கும் அந்தச் சில நொடிகளில்தான் திகில் கதை பிறக்கிறது. திகிலுக்காக எழுதப்பட்ட விதி என்பதை அந்த ஒரு தயக்கமே காட்டிவிடும்.

பிளேட்ஸில் தோல்வி இன்னொரு விதமாகப் போகிறது. பகடை விழுந்து, லாந்தர் வெளிச்சம் திருடியின் மேல் பட்ட பிறகும், "நேற்றே இந்தக் காவலாளிக்குக் காசு கொடுத்து வைத்திருந்தேன்" என்று முன்கதை ஒன்றை ஆட்டக்காரர் நுழைக்கலாம். அதற்கு விலையாகத் தம் பாத்திரத்தின் மனஅழுத்தப் புள்ளிகளை ஏற்றிக்கொள்ள நேரிடும். திட்டம் போடுவதிலேயே இரண்டு மணி நேரத்தைக் கரைக்கும் நண்பர்கள் உங்களுக்கு இருந்தால், இந்த ஒரு விதிக்காகவே பிளேட்ஸை எடுக்கலாம் என்பது என் கருத்து.

படி 6: வளர்ச்சி எதற்குக் கிடைக்கிறது என்று பாருங்கள்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸில் எதிரிகளை வென்றால் அனுபவப் புள்ளிகள் சேரும், அல்லது கதையின் முக்கியமான கட்டங்களில் கேம் மாஸ்டர் நிலை உயர்வு தருவார். கால் ஆஃப் கதுலுவில் வெற்றிகரமாகப் பயன்படுத்திய திறனுக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டுக்கொண்டு, பிறகு அந்தத் திறனை விட அதிகமாக உருட்டினால் அது உயர்கிறது. ஆகவே நன்றாகத் தெரிந்ததைக் காட்டிலும் அரைகுறையாகத் தெரிந்ததே விரைவில் வளரும். பிளேட்ஸில் மிக ஆபத்தான நிலையில் துணிந்து உருட்டினாலே, வென்றாலும் தோற்றாலும், ஒரு புள்ளி உண்டு. எதற்குப் பரிசு கிடைக்கிறதோ அதைத்தான் உங்கள் நண்பர்கள் திரும்பத் திரும்பச் செய்வார்கள்.

படி 7: நண்பர்களோடு ஆடிப் பாருங்கள்

இரண்டு நண்பர்களை அழைத்து, ஒவ்வொரு விதிமுறைக்கும் அரை மணி நேரம் ஒதுக்கி, அதே கதவை அவர்களிடம் கொடுங்கள். ஆடும்போது ஒரு தாளில் இரண்டை மட்டும் குறித்து வாருங்கள்: விதியைத் தேடிப் பக்கம் புரட்ட எத்தனை முறை ஆட்டம் நின்றது, பகடை விழுவதற்கு முன் எத்தனை முறை மேசை அமைதியானது. முன்னதற்கான காரணம் பழகாமையாகவும் இருக்கலாம் என்பதால் அதை இரண்டாம் முறை ஆடும்போதும் எண்ணிப் பார்த்துவிட்டே தீர்ப்புச் சொல்லுங்கள். அடுத்த வாரம் பூட்டை விட்டுவிட்டு, அதே காவலாளியிடம் பேசியே உள்ளே நுழையும்படி திருடியிடம் சொல்லுங்கள். பூட்டை அருமையாகக் கையாண்ட விதிமுறை ஒன்று, பேச்சென்று வந்ததும் தடுமாறுவதை அப்போது காண்பீர்கள்.