சொந்தத் துப்பாக்கியைச் சட்டப்படி விற்பது எப்படி?

விலை பேசுவதற்கு முன்னால் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள், ஏனென்றால் ஓரிடத்தில் சரியான வழி இன்னோர் இடத்தில் குற்றம். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, வாங்குபவரின் பெயர், முகவரியோடு மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ அருகிலுள்ள காவல் நிலைய அதிகாரிக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாளாவது கழிந்த பிறகுதான் கைமாற்ற முடியும். அமெரிக்காவில் வேறு மாநிலத்தில் வசிக்கும் தனிநபருக்கு நேரடியாக விற்கக் கூடாது, உரிமம் பெற்ற டீலர் வழியாகத்தான் போக வேண்டும்.

என்னைக் கேட்டால் எங்கே இருந்தாலும் டீலர் வழியே நல்லது. பணம் கொஞ்சம் குறையும், ஆனால் வாங்குபவரைச் சரிபார்க்கிற பாரம் உங்கள் தலையில் மட்டும் விழாது.

நேரடியாக விற்கச் சட்டம் இடம் தந்தாலும், உரிமம் தேவைப்படும் இடமென்றால் வாங்குபவருடைய அசல் உரிமத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள்: காலாவதி ஆகிவிட்டதா, இந்த வகைத் துப்பாக்கி அதில் அடங்குமா என்று. காட்டத் தயங்குகிறாரா? விற்காதீர்கள். அவசரப்படுத்துகிறவருக்கும் வேண்டாம்.

சரி, ஒப்படைக்கும் நாளில் மேகசீனை (தோட்டாக்கள் அடுக்கிய பெட்டி) கழற்றி, சேம்பர் (சுடுவதற்குத் தோட்டா உட்காரும் அறை) காலி என்று கண்ணால் பார்த்து, தோட்டாக்களைத் தனியே வையுங்கள். ரசீதில் தயாரிப்பு, மாடல், வரிசை எண், தேதி, இருவர் கையெழுத்தும் வேண்டும். அப்புறம் உங்கள் உரிமத்திலிருந்தோ பதிவிலிருந்தோ அந்தத் துப்பாக்கியை நீக்கச் சொல்லி மனு கொடுங்கள், பலர் மறப்பது இதைத்தான். ரசீது நகலை ஒருபோதும் தூக்கிப் போடாதீர்கள்.