டிராஃப்ட் விதிக்கு ஆட்சேபனை எழுதுறது எப்படி? சின்ன யூனிட்காரங்களுக்கு

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் புது விதி கொண்டு வரும்போது பெரும்பாலும் முதல்ல கெஜட்ல (அரசிதழ்ல) அதோட டிராஃப்ட், அதாவது வரைவு, போடுவாங்க, ஆட்சேபனை சொல்ல வழக்கமா 60 நாள் டைம். வாட்ஸ்அப் குரூப்ல புலம்பி பிரயோஜனம் இல்லீங்க, அதுக்குள்ள எழுதுங்க.

பேப்பர்ல வர்ற சுருக்கத்த நம்பாம டிராஃப்ட்ட முழுசா படிங்க. எந்தப் பிரிவு இடிக்குதோ அந்த நம்பர போட்டு, அதுக்குப் பதிலா என்ன வரணும்னு வாசகத்தையே எழுதிக் குடுங்க. "தொழில் அழிஞ்சிடும்"னு பொதுவா எழுதினா எடுபடாது. சாயப்பட்டறைன்னா கிலோ துணிக்கு எத்தன லிட்டர் தண்ணி, கழிவுத் தண்ணிய சுத்தம் பண்ற ஆர்ஓ மெஷின ஓட்ட எவ்ளோ கரண்ட், மிச்சத்த ஆவியாக்குற எவாப்பரேட்டருக்கு எவ்ளோ விறகு, எல்லாத்தையும் ஈபி பில் நகலோட காட்டுங்க, அவகாசம் கேட்டீங்கன்னா மெஷின் வர, லோன் சாங்ஷன் ஆக எத்தன மாசம்னும் சொல்லிடுங்க.

விதியே வேணாம்னு மட்டும் போயிராதீங்க. மாசு பிரச்சினைய கண்டுக்காம விட்டா கோர்ட்டே கதவ மூடிடும்; நொய்யல் ஆத்துல சாயக்கழிவு கலந்த விவகாரத்துல 2011 ஜனவரில ஹைகோர்ட் திருப்பூர் சாயப்பட்டறைங்கள மூடச் சொன்னது ஞாபகம் இருக்கும்ல?

சங்கம் மூலமா ஒண்ணு, உங்க கணக்கோட தனியா ஒண்ணு அனுப்புங்க. மெயில் ஐடி டிராஃப்ட்லயே இருக்கும். அனுப்பின ஆதாரத்த பத்திரமா வைங்க, நாளைக்கு கோர்ட்டுக்குப் போனா உதவும்.