புது ஊருக்குக் குடிபோனவர்கள் சறுக்கும் இடங்கள்

போன மாதம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். “பதினஞ்சாம் தேதி ராத்திரி ஃப்ளைட்ணா. அன்னைக்குச் சாயங்காலம் எல்லாரும் வெளியே போய்ச் சாப்பிடுவோம். நான் அப்படியே பெட்டியோட ஏர்போர்ட் கிளம்பிடுறேன்.” டிக்கெட்டைக் காட்டும்மா என்றேன். போனை நீட்டினார். தேதி 15. நேரம் 00.40. என் வயிற்றை ஏதோ பிசைந்தது.

அந்தக் கதைக்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன். வேலைக்காக ஊர் மாறி வருகிற ஒவ்வொரு செட்டும் நான் விழுந்த அதே குழியில்தான் விழுகிறது. பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். போனுக்குச் சார்ஜ் போடுங்கள், வீட்டு முகவரியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அதை வழியனுப்பும்போது வீட்டிலேயே பத்துத் தடவை சொல்லியிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை

வேலையில் சேர்வதற்கு முன் அலுவலகம் வரை ஒரு தடவை போய்விட்டு வருவது நல்ல பழக்கம்தான். ஆனால் சேர்வது திங்கட்கிழமை, போய்ப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை. காலியான சாலையில் 25 நிமிடத்தில் போய் இறங்கிவிட்டு, சரி, எட்டரைக்குக் கிளம்பினால் தாராளம் என்று முடிவு கட்டினேன். மறுநாள் 55 நிமிடம் ஆனது. முதல் நாளே மேலாளர் முகத்தில் அந்தச் சிரிப்பைப் பார்க்க வேண்டியிருந்தது.

மேப்பில் முதலில் வருவது ‘இப்போது கிளம்பினால்’ என்கிற கணக்கு. நாளையும் நேரத்தையும் மாற்றிப் பார்க்க அதிலேயே வசதி இருக்கிறது, யாரும் அதைத் தொடுவதில்லை. ‘30 முதல் 55 நிமிடம்’ என்று காட்டினால் 55தான் உங்கள் கணக்கு. இன்னொன்று, மேப் சொல்வது வழியில் ஆகும் நேரம் மட்டும். என் வீட்டிலிருந்து ரயில் நிலையம் 4 நிமிட நடை என்றது. கதவைப் பூட்டியதிலிருந்து நடைமேடையில் நிற்கும் வரை ஒருநாள் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். 11 நிமிடம். லிஃப்டுக்கு நின்றது, நிலையத்துக்குள் இரண்டு மாடி இறங்கியது, பையைச் சோதனைக்குக் கொடுத்தது எல்லாம் அந்த மிச்ச ஏழு நிமிடத்தில் இருக்கிறது.

எதிர்ப்பக்க நிறுத்தம்

பஸ் எண் சரியாக இருக்கும், திசை தப்பாக இருக்கும். ஏறும் முன் கடைசி நிறுத்தத்தின் பெயரைப் படியுங்கள்.

ஒரே பெயர், இரண்டு இடம்

பேர் பெற்ற உணவகம் என்றால் அதற்குக் கிளைகள் இருக்கும். நண்பர்கள் பெயரைச் சொன்னார்கள், நானும் மேப்பில் பெயரைத் தட்டினேன், அது பக்கத்தில் இருந்த கிளையைக் காட்டியது. போய் உட்கார்ந்து நான்கு பேருக்கு மேசையும் பிடித்துவிட்டேன். அவர்களும் வேறொரு கிளையில் எனக்கு இடம் பிடித்துக்கொண்டு, நான் எங்கே என்று கேட்டார்கள். “உள்ளேதான் இருக்கேன்” என்று இரண்டு பக்கமும் பத்து நிமிடம் சண்டை. அன்றிலிருந்து பெயரை வாங்குவதில்லை. இருப்பிடத்தை அனுப்பச் சொல்லி, அதைத் தொட்டுத்தான் போகிறேன்.

சாப்பாட்டில் இது வேடிக்கை, பயணத்தில் அப்படி இல்லை. பெரிய நகரங்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விமான நிலையங்கள் உண்டு. லண்டனுக்கு ஹீத்ரூ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட் என்று வரிசையாக இருக்கின்றன. டோக்கியோவின் ஹனேடா நகரத்தை ஒட்டியே இருக்கிறது, நரிட்டாவோ நகர மையத்திலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். டிக்கெட்டில் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் கண் அடுத்த வரிக்குத் தாவிவிடும். நிலையத்தின் பெயரையும், முனையத்தின் எண்ணையும் தேடிப் படிக்க வேண்டும்.

நள்ளிரவு டிக்கெட்

இதுதான் விஷயம். ஆறு வருடம் ஆகியும் நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது.

புது ஊருக்கு வந்து நான்கு மாதம். அக்கா மகள் கல்யாணம், ஞாயிற்றுக்கிழமை 23-ஆம் தேதி காலை. விமான டிக்கெட் போட்டேன்: சனிக்கிழமை 22, 12.25 ஏ.எம். சனிக்கிழமை ராத்திரி ஏறினால் விடிவதற்குள் ஊர், நேராகக் கல்யாணம் என்று கணக்கு. போய்வர இரண்டு வழிக்கும் சேர்த்து ஒரே டிக்கெட், திரும்புவது 27. வெள்ளிக்கிழமை ராத்திரி அலுவலகத்து நண்பர்களோடு வெளியே சாப்பிடப் போனோம். அங்கே வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து நான் வாய்விட்டுச் சிரித்த முதல் சாயங்காலம் அது. சாப்பிட்டு முடித்து ஐஸ்கிரீம் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தபோது மணி பன்னிரண்டரை இருக்கும். என் இருக்கை காலியாக, என் விமானம் அப்போதுதான் கிளம்பியிருக்கிறது. எனக்குத் தெரியாது.

மறுநாள் ராத்திரி ஒன்பதரைக்குப் பெட்டியோடு போய் வரிசையில் நின்றேன். கவுன்டரில் இருந்த பெண் திரையைப் பார்த்தார், டிக்கெட்டைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார். “சார், இந்த ஃப்ளைட் போயிடுச்சு.” நான் வாக்குவாதம் செய்தேன், அதுதான் வெட்கம். 22 என்றுதானே போட்டிருக்கிறது, இன்றைக்கு 22தானே என்று மூன்று தடவை கேட்டேன். “ஆமா சார், இன்னைக்கு விடியக்காலை” என்றார், ஒவ்வொரு தடவையும் அதே பொறுமையோடு. அடுத்து இடம் கிடைத்தது ஞாயிறு காலை விமானத்தில். பாதி மாதச் சம்பளம் போனது. நான் மண்டபத்துக்குள் நுழைந்தபோது பந்தி முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அதோடு விடவில்லை. 27-ஆம் தேதி திரும்பும் டிக்கெட் கையில் இருக்கிறதே என்று நினைத்தேன். அதுவும் ரத்தாகியிருந்தது. ஒரே முன்பதிவில் இரண்டு வழியும் எடுத்தால் பல விமான நிறுவனங்களின் விதிப்படி அந்த வரிசையில்தான் பயன்படுத்த வேண்டும். முதல் பயணத்துக்கு ஆள் வராவிட்டால் மிச்சமுள்ள பயணங்களையும் ரத்து செய்துவிடுவார்கள். விமானம் கிளம்புவதற்கு முன்பே கூப்பிட்டுச் சொன்னால் ஏதாவது மாற்றித் தர வழி இருக்கலாம். நான் அந்த நேரத்தில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

படித்தவன் எப்படி இதைத் தப்பாகப் படிப்பான் என்று கேட்பீர்கள். நம் பேச்சில் ராத்திரி என்பது விடியும் வரை முந்தின நாளோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு மணிக்குப் படுத்தேன்’ என்போம். காலண்டரின்படி அது சனிக்கிழமை. ‘விடிஞ்சா கல்யாணம்’ என்கிறோமே, நமக்கு நாள் மாறுவது விடியலில். பஞ்சாங்கமும் சூரிய உதயத்திலிருந்துதான் நாளை எண்ணுகிறது. கடிகாரத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை. 11.59 பி.எம். முடிந்த அடுத்த நிமிடம் 12.00 ஏ.எம்., அதோடு தேதியும் மாறிவிடும். 12 என்ற எண்ணைப் பார்த்ததும் நாளின் கடைசி என்று மூளை எடுத்துக்கொள்கிறது, உண்மையில் அது நாளின் தொடக்கம். நள்ளிரவுக்கும் நண்பகலுக்கும் 12 ஏ.எம்., 12 பி.எம். என்று எழுதுவது குழப்பம் தரும், தவிருங்கள் என்று அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள் மற்றும் தொழில்நுட்ப நிறுவனமே சொல்கிறது. 11.59 அல்லது 12.01 என்று போடுவது மேல் என்பது அவர்கள் யோசனை.

காலண்டர் செயலியும் இதில் கைகொடுக்காது. 22-ஆம் தேதி 00.25 நிகழ்ச்சிக்கு ‘ஒரு நாள் முன்பு நினைவூட்டு’ என்று வைத்தால், அது 21-ஆம் தேதி 00.25க்கு, நீங்கள் தூங்கும்போது, மணியடித்து ஓயும். காலையில் எழுந்து அதைத் தள்ளிவிட்டு, நாளைக்குத்தானே என்று பல் தேய்க்கப் போவீர்கள். நான் போனேன்.

இப்போது விமான நேரத்தை நான் காலண்டரில் எழுதுவதே இல்லை. வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்தை எழுதுகிறேன்: ‘வெள்ளி, 21, ராத்திரி 8.30, கிளம்பு’. நள்ளிரவு முதல் காலை நான்கு மணி வரை உள்ள எந்த டிக்கெட்டாக இருந்தாலும் முந்தின நாளின் பெயரில் எழுதிவிட வேண்டும். ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் இதே கணக்குதான். தங்குமிடத்துக்கும் அப்படியே. 15-ஆம் தேதி விடியக்காலை 2 மணிக்குப் போய்ச் சேர்பவர் 14-ஆம் தேதியிலிருந்து அறை எடுக்க வேண்டும். 15 என்று எடுத்தால் வழக்கமாக மதியத்துக்கு மேல்தான் சாவி கிடைக்கும், அதுவரை வரவேற்பறை சோபாதான்.

அந்தப் பெண்ணின் விருந்தை 13-ஆம் தேதிக்கு மாற்றினோம். “நல்லவேளைண்ணா” என்றார். நல்லவேளைதான். ஆனால் இந்த வருடத்தில் அவர் இரண்டாவது ஆள்.

கடை மூடும் நேரம்

பதினொரு மணி வரை என்று போட்டிருந்தால் அது கதவைச் சாத்தும் நேரம். அடுப்பை அணைப்பது அதற்கு முன்னால், சில இடங்களில் முக்கால் மணி நேரம் முன்பே. கிளம்பும் முன் போன் செய்து கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். மூடும் நேரம் எப்போது என்று கேட்டால் பலகையில் உள்ளதைத்தான் சொல்வார்கள். கூடவே வீடு திரும்பும் கடைசி ரயில் நேரத்தையும் பார்த்துவிடுங்கள். அது சனிக்கிழமைக்கு ஒன்று, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று என்று மாறக்கூடியது.

நட்சத்திரத்தை நம்புவது

30 பேர் சேர்ந்து தந்த 4.8-ஐவிட 3000 பேர் தந்த 4.2 எனக்குப் பெரிது. அந்த 30 பேரில் முதலாளியின் சொந்தக்காரர்கள் எத்தனை பேரோ. விமர்சனங்களைப் புதியது முதலில் வருமாறு மாற்றிப் படியுங்கள். சமையல்காரர் மாறியிருப்பார், முதலாளி மாறியிருப்பார், நட்சத்திரம் மட்டும் பழைய புகழில் நின்றுகொண்டிருக்கும். ஐந்தும் ஒன்றும் கோபத்திலும் பாசத்திலும் போடுபவை. மூன்று நட்சத்திரம் போட்டவர் உட்கார்ந்து யோசித்து எழுதியிருப்பார்.

பசி வந்த பிறகு கடை தேடுவது

தேடாதீர்கள். முதல் வாரமே, வயிறு நிறைந்திருக்கும்போது, வீட்டைச் சுற்றி மூன்று கடைகளைக் குறித்து வையுங்கள்.

கடைசியாகச் சாப்பிட்ட கடையைத் திட்டுவது

வந்த புதிதில் வயிறு கெட்டபோது, அன்று மதியம் சாப்பிட்ட தெருமுனைக் கடையை ஒரு மாதம் வைதுகொண்டிருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அதே நாளில் இன்னும் இரண்டு பேர் படுத்திருந்தார்கள். அவர்கள் அந்தக் கடைப் பக்கமே போனதில்லை. மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டது இரண்டு நாள் முன்பு, வேறொரு இடத்தில்.

சாப்பிட்ட அரை மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் வாந்தி என்றால் ஸ்டஃபைலோகாக்கஸ் என்கிற பாக்டீரியாவின் நஞ்சாக இருக்கலாம். நோரோவைரஸ் என்கிற வயிற்றுக் கிருமி வேலையைக் காட்ட 12 முதல் 48 மணி நேரம் எடுக்கும். சால்மோனெல்லா என்கிற பாக்டீரியா 6 மணி நேரத்திலிருந்து 6 நாள் வரை காத்திருக்கும். ஆகவே நீண்ட பயணத்துக்கு முந்தின இரண்டு நாளும் புதுக் கடையில் பரிசோதனை வேண்டாம், தெரிந்த இடத்திலேயே சாப்பிடுங்கள். பையில் சானிடைசர் இருக்கிறது என்று தெம்பாக இருக்காதீர்கள். நோரோவைரஸிடம் அது சரியாக வேலை செய்வதில்லை, சோப்பும் தண்ணீரும்தான்.

தனியாக இருக்கும் வீட்டில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கு வாங்கி வையுங்கள். அது இல்லாத ராத்திரிக்கு: காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீர், தலை தட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். உப்பைக் கூட்டிவிடாதீர்கள். ரத்தம் தென்பட்டாலோ, காய்ச்சல் ஏறினாலோ, குடித்தது தங்காவிட்டாலோ டாக்டரிடம் போய்விடுங்கள்.

பில்லை எப்படிப் பிரிப்பது என்று சாப்பிட்ட பிறகு பேசுவது

ஆர்டர் கொடுக்கும் முன் பேசிவிடுங்கள். பதினொரு பேர் விருந்தில் ஒரு சூப் மட்டும் குடித்துவிட்டுச் சரிபங்கு கொடுத்தவன் கதை எங்கள் அலுவலகத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சூப் குடித்தவன் நான்.