டூ ஆர் டைக்கு முன்னால் அந்த 5 விநாடி

சோமனூர்ப் பக்கம் ஒரு மாரியம்மன் நோம்பிக் கபடியில், டூ ஆர் டை ரெய்டுக்கு, அதாவது முந்தைய இரண்டு ரெய்டும் வெறுமனே போனதால் பாயிண்ட் எடுக்காவிட்டால் அவுட் என்கிற ரெய்டுக்கு, போன நான் கபடி சொல்லாமலே நடுக்கோட்டைத் தாண்டிவிட்டேன். நடுவர் திருப்பி அனுப்பினார், பாயிண்டும் போயிற்று. காலில் குறையில்லை. மைக்கில் என் பேரைக் கத்தியதும் தலை காலியாகிவிட்டது, அவ்வளவுதான். இப்போது மாலையில் பெண்பிள்ளைகளுக்குக் கபடி சொல்லித் தருகிறேன். முதலில் பழக்குவது தலையைத்தான்.

எதிரணி ரெய்டு முடிந்ததும் 5 விநாடிக்குள் நம் ஆள் கிளம்ப வேண்டும். அதற்குள் அடங்குகிற சடங்கு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையைத் தொடையில் துடையுங்கள். மூச்சை வாயால் நீளமாக விடுங்கள்; விடும்போதுதான் இதயத்துடிப்பு இறங்கும். அப்புறம் மனதுக்குள் ஒரே ஒரு சொல். "மாட்டிக்கக் கூடாது" என்று சொன்னால் புத்தி மாட்டிக்கொள்வதிலேயே நிற்கும். "இடது கார்னர்" என்றால் கால் அங்கே போகும். மூச்சை நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.

இதை அமைதியான இடத்தில் பழகிப் பயனில்லை. எங்கள் வீட்டு விசைத்தறிகள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேச்சே கேட்காது. பிள்ளைகளை அங்கேதான் நிறுத்துகிறேன், ஆளுக்குப் பத்துத் தடவை. முதல் நாள் ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டு, "நீங்க சொல்றது ஒண்ணுமே கேக்கலீங்க்கா" என்று கத்தினாள். "கேக்க வேண்டாம் கண்ணு, மூச்சை விடு" என்று சைகை காட்டினேன். உங்கள் ஊரில் தறி இல்லாவிட்டால் ஸ்பீக்கரை அலறவிடுங்கள்.

ராத்திரி படுத்தபின் செல்போனில் 30 விநாடி வைத்துக்கொண்டு ஒரு ரெய்டை மனதில் ஓட்டுங்கள். வீடியோ பார்ப்பதுபோல் வெளியிலிருந்து அல்ல; உங்கள் கண் வழியாக, நிஜ வேகத்தில். ஜெயிப்பதை மட்டும் ஓட்டாதீர்கள். கணுக்கால் பிடிபடட்டும், அங்கிருந்து கோட்டுக்கு எப்படி இழுத்து வருவீர்கள் என்றும் பாருங்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்ஃபிளையில் மைக்கேல் ஃபெல்ப்ஸின் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. கண் தெரியாமலே கைவீச்சை எண்ணி நீந்தி, உலக சாதனையோடு தங்கம் வாங்கினார். கோளாறுகளையும் மனதில் ஓட்டிப் பார்த்துப் பழகியவர் அவர்.

தூக்கம், சாப்பாடு பற்றி உங்கள் அம்மாவே சொல்லியிருப்பார்.

அவுட்டாகி வெளியே உட்கார்ந்தால் ஷூ லேசை அவிழ்த்துக் கட்டுங்கள். கட்டி முடிக்கும்வரை அழலாம், என்னைத் திட்டவும் செய்யலாம். முடிச்சு விழுந்ததும் நிமிர்ந்து, எதிரணியில் யாருக்கு மூச்சு வாங்குகிறது என்று பாருங்கள்.